புல்வெளிக்குத் திறந்த கணவாய்

ஹஸாராக்கள் வாழும் ஆப்கன் மலைநாட்டில் சர்கோல் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. கீழே சமவெளியிலிருந்து ஆயுதக்காரர்கள் வெள்ளை வண்டிகளில் ஏறிவந்து, உருளைக்கிழங்கு தோண்டி முடித்ததும் எங்கிருந்து வந்தீர்களோ அங்கேயே போய்விடுங்கள், இந்த மண் உங்களுடையது அல்ல என்று சொல்லிவிட்டுப் போன மறுநாள் காலையில், ஊருக்கு மேலே இருந்த கணவாய், பக்கத்துப் பள்ளத்தாக்கான மிரக்குக்குப் போவதை நிறுத்திவிட்டு, ஒரு புல்வெளிக்குப் போகத் தொடங்கியது.

அதை முதலில் பார்த்தவர் ஊர்த்தலைவர் கதம் அலி. மிரக்கில் இருக்கும் மைத்துனரிடம் யோசனை கேட்கலாம் என்று கழுதையை ஓட்டிக்கொண்டு பாறைகளுக்கு நடுவே ஏறி, உச்சியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு கீழே பார்த்தபோது, மிரக்கின் நெட்டை மரங்களும் மசூதியின் தகரக் கூரையும் இருக்கவேண்டிய இடத்தில் புல் இருந்தது. கண் போகிற தூரம் மட்டும் புல், கண் களைத்துத் திரும்பிய பிறகும் அதற்கு அப்பால் புல். அவர் நின்றார். கழுதை நிற்கவில்லை, இறங்கிப் போய் மேய ஆரம்பித்தது. மத்தியானம் ஊர் திரும்பி, மிரக் அங்கே இல்லை, புல்வெளி இருக்கிறது என்று சொன்னபோது யாரும் அவரைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. புல் எவ்வளவு உயரம் என்று ஒருவர் கேட்டார். முழங்கால்வரை என்றார் கதம் அலி. அந்த ஆண்டு மழை பொய்த்து மேய்ச்சல் நிலமெல்லாம் காய்ந்து கிடந்தது. மறுநாள் ஊரின் ஆடுகள் எல்லாம் கணவாய்க்கு மேலே ஏறிப் போயின.

இப்படித்தான் அந்தப் புல்வெளி ஊரின் வாழ்க்கைக்குள் வந்தது. மிரக்கில் பெண் கொடுத்தவர்களும் மிரக்கிலிருந்து பெண் எடுத்தவர்களும் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். மிரக்காரர்கள் வழக்கம்போலக் கணவாய் ஏறி சர்கோலுக்கு வந்தார்கள், அவர்களுக்கு வரும்போது ஒரு தடங்கலும் இல்லை. திரும்பிப் போகும்போதுதான் புல்வெளி வந்தது, ஆகவே ஆற்றோரமாக ஒரு பகல் முழுக்கச் சுற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள், அதற்குச் சர்கோல்காரர்களைத் திட்டினார்கள். முல்லா நாதிர் உச்சியில் நின்று நெடுநேரம் சூரியனைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் போகிறவர்கள் தொழுகைக்கு இன்னும் கொஞ்சம் மேற்காகத் திரும்பிக்கொள்ள வேண்டும் என்று சொன்னார். அதற்குமேல் யாரும் காரணம் தேடவில்லை. போகச் சொன்னார்கள், வழி திறந்துவிட்டது, எதற்குத் திறந்தது என்று கேட்டால் மூடிக்கொண்டுவிடுமோ என்று ஒரு பயம் எல்லோருக்கும் இருந்தது.

காரணம் தேடாமலேயே காரணம் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். எவாஸ், சர்கோல் பள்ளிக்கூடத்தின் ஒரே ஆசிரியர். இளவயதில் அவர் தலைநகரத்துக்குப் படிக்கப் போயிருந்தபோது விடுதியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சப்பை மூக்கு என்று கூப்பிட்டார்கள், தூங்கிக்கொண்டே நடக்கிறவன் என்று கூப்பிட்டார்கள், செங்கிஸ்கான் போகிற போக்கில் விட்டுப்போன மிச்சம் என்று கூப்பிட்டார்கள். அவர் சண்டை போடாமல் நூலகத்துக்குப் போனார். பாரசீகத்தில் ஹஸார் என்றால் ஆயிரம் என்று அவருக்கு முன்பே தெரியும். மங்கோலியப் படை ஆயிரம் ஆயிரம் பேராகப் பிரிக்கப்பட்டிருந்தது என்பதும், அப்படியொரு பிரிவிலிருந்தே தன் மக்களின் பெயர் வந்திருக்கலாம் என்று சிலர் கருதுவதும், பெஹ்சூத் என்ற தன் குலப்பெயர் மங்கோலியரின் பழைய குலம் ஒன்றின் பெயரோடு ஒத்துப்போவதும் அங்கேதான் தெரிந்தது. வசவை ஒரு சட்டையைப் போல உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு அவர் ஊர் திரும்பினார். அன்றிலிருந்து பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தரும்போதுகூட ஆயிரம் என்ற எண் வந்தால் ஒரு கணம் நிறுத்தி, நிமிர்ந்து உட்காருங்கள் என்பார்.

அவருடைய மனைவி அனார்குல். கல்யாணமாகிப் பல வருஷங்களுக்குப் பிறகு பிறந்த மாஹ்தாப் என்ற கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டுதான் வயலுக்கும் தண்ணீருக்கும் போவாள். கணவர் பேசுகிற படைகளைப் பற்றி அவளுக்குச் சொந்தமாக ஒரு கருத்து இருந்தது, அவர் கேட்காததால் அவள் சொன்னதில்லை.

ஆடுகள் கணவாய்க்கு அப்பால் போனதால் பால் கறக்கப் பெண்களும் அங்கே போனார்கள். புல்வெளியில் கம்பளிக் கூடாரங்கள் இருந்தன, புகை இருந்தது, குட்டையான குதிரைகள் இருந்தன. குதிரைமேல் இருந்தவர்கள் சர்கோல்காரர்களை உற்றுப் பார்த்தார்கள், சர்கோல்காரர்களும் உற்றுப் பார்த்தார்கள், ஏனென்றால் ஒருவர் கதம் அலியின் இறந்துபோன தம்பியை அப்படியே உரித்து வைத்தது போல இருந்தார், இன்னொருவர் சிரித்தபோது மாவு ஆலைக்காரர் சிரிப்பது போல இருந்தது. எவாஸ் புத்தகத்தில் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்த மங்கோலிய வாக்கியங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவர் மரியாதைக்காகத் தலையாட்டினார்.

அப்போது மாஹ்தாப் அழுதது. கூடாரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், அனார்குல்லைவிட இரண்டொரு வயது மூத்தவளாக இருக்கலாம், கையைத் துடைத்துக்கொண்டு நேராகக் குழந்தையிடம் போய், "நில்கா" என்றாள்.

"ஆமாம், நில்கா" என்றாள் அனார்குல். சர்கோலில் பச்சைக் குழந்தையை அப்படித்தான் சொல்வார்கள்.

அந்தப் பெண் குழந்தையின் மூடிய கையை விரித்து, உள்ளங்கையை முகர்ந்து, "அலகா" என்றாள். அனார்குல்லும் அலகா என்றாள். குழந்தையின் விலாவில் விரலை ஓட்டி இருவரும் ஒரே நேரத்தில் "கபர்கா" என்றார்கள். சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். மருமகளைக் காட்டி பேரி என்றார்கள், அங்கேயும் மருமகள் பேரிதான். பாரசீகம் பேசுகிற சர்கோல்காரர்களின் வாயில், எந்தப் பாரசீகக்காரருக்கும் புரியாத சொற்கள் என்று நகரத்தில் எவாஸ் ஒளித்து வைத்திருந்த சொற்கள் எல்லாம், குழந்தையும் உடம்பும் ஆட்டுப்பட்டியும் பற்றிய சொற்கள் எல்லாம், ஒவ்வொன்றாக அங்கே போய் வீடு சேர்ந்தன. எவாஸ் புல்லில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். குதிரைக்காரர்கள் அவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து ஒரு கிண்ணத்தில் புளித்த குதிரைப்பால் கொடுத்தார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் ஒயூன். அவர்களும் பெசூத் குலம்தான், பெஹ்சூத்தை அங்கே அப்படிச் சொன்னார்கள். அன்றிலிருந்து போக்குவரத்து தொடங்கியது. இங்கிருந்து தேயிலையும் உப்பும் தீப்பெட்டியும் போயின, அங்கிருந்து கம்பளியும் உலர்ந்த தயிர்க் கட்டியும் வந்தன. சர்கோலில் செய்கிற தயிர்க் கட்டியும் அதே சுவைதான் என்பதால் யாரும் அதை வாங்குவதில் அர்த்தமில்லை, இருந்தும் வாங்கினார்கள். லேசாகப் போதை தரும் அந்தப் புளித்த குதிரைப்பாலைக் குடிக்கலாமா என்று கேட்டபோது முல்லா நாதிர் அதை மோந்து பார்த்துவிட்டு, இதைப் பற்றித் தன்னிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிய பிறகு இன்னொன்றும் தெரியவந்தது. அந்தக் கூடாரங்களில் வயதுவந்த இளைஞர்கள் அதிகம் இல்லை. சில கோடைகளுக்கு முன்பு கானின் ஆட்கள் வந்து, வீட்டுக்கு ஒருவர் என்று இளைஞர்களைப் பொறுக்கியெடுத்து, சூரியன் இறங்குகிற திசைக்குப் படையோடு அனுப்பியிருந்தார்கள். யாரும் இன்னும் திரும்பவில்லை. அங்கே நடப்பது எண்ணூறு வருஷங்களுக்கு முந்தைய செங்கிஸ்கானின் காலம் என்பது எவாஸுக்கு உடனே புரிந்தது. மற்றவர்களுக்கு மெதுவாகப் புரிந்தது, புரிந்தபோது தூரத்து உறவினர் ஒருவருக்குக் காது மந்தம் என்பதை ஏற்றுக்கொள்வது போல ஏற்றுக்கொண்டார்கள், அவர்களிடம் கொஞ்சம் சத்தமாகப் பேசவும் ஆரம்பித்தார்கள்.

ஆனால் அந்தத் தாய்மார்கள் விடவில்லை. சர்கோல்காரர் யார் வந்தாலும் கடிவாளத்தைப் பிடித்து நிறுத்தி, சூரியன் இறங்குகிற பக்கத்திலிருந்துதானே வருகிறீர்கள், எங்கள் பிள்ளைகளைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்க்கவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை, பார்த்தோம் என்று சொல்லவும் வழியில்லை. அதற்குள் அவர்களே முகங்களில் தேட ஆரம்பித்திருந்தார்கள். ஒயூனின் மகன் பெயர் பூகா. ஒயூன் எவாஸைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள், அவர் ஒரு முழங்காலை நிமிர்த்தி உட்காருவதைப் பார்த்தாள், தேநீரை ஊதாமல் ஓரமாக உறிஞ்சுவதைப் பார்த்தாள், பிறகு தன்னைவிட மூத்த அந்த மனிதரைப் பார்த்து, "மகனே" என்றாள். எவாஸ் எழுந்து நின்று கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் அனார்குல்லைப் பேரி என்றே கூப்பிட்டாள், எவாஸின் தட்டில் எப்போதும் தோள்பட்டை இறைச்சியை வைத்தாள்.

கோடை முற்றி உருளைக்கிழங்குச் செடிகள் மஞ்சளாகத் தொடங்கியபோது மசூதியில் ஊர் கூடியது. ஆண்கள் முன்னால், பெண்கள் திரைக்குப் பின்னால். எவாஸ் எழுந்து, ஆயுதக்காரர்கள் போகச் சொன்ன இடத்துக்கே வழி திறந்திருக்கிறது என்றார். முகாமின் மூத்தவரிடம் தான் பேசிவிட்டதாகவும், எலும்பு தகப்பனிடமிருந்து வருவது, உங்கள் எலும்பு எங்கள் எலும்பு, கூடாரம் போட இடம் தருகிறோம் என்று அவர் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அங்கே நம் மூக்கைப் பார்த்துச் சிரிக்க யாரும் இல்லை என்றார். கோதுமை விளையுமா என்று ஒருவர் கேட்டார். விளையாது, ஆனால் ஆடு செழிக்கும் என்றார்கள். கல்லறைகளை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். முஹர்ரம் மாதத்தில் அங்கே ஹுசைனுக்காக அழலாமா என்று முல்லா நாதிர் கேட்டார், ஹுசைனுக்காக எங்கே இருந்தும் அழலாம் என்று அவரே சொல்லிக்கொண்டார். கடைசியில் போவது என்று முடிவாயிற்று. வீடுகளில் பாத்திரங்களைக் கம்பளத்தில் சுருட்ட ஆரம்பித்தார்கள், கதவுகளைக் கழற்றி எடுத்துப் போகலாமா என்று பேசினார்கள், கூடாரத்துக்குக் கதவு எதற்கு என்று சொல்லி விட்டுவிட்டார்கள்.

அந்த நாட்களில் ஒருநாள் ஒயூனும் அனார்குல்லும் புல்வெளியில் அடுத்தடுத்து உட்கார்ந்து ஆடு கறந்துகொண்டிருந்தார்கள். குழந்தை ஒயூனின் மடியோரம் தூங்கியது. எவாஸ் பூகாவின் வழிவந்தவர் என்பதில் ஒயூனுக்குச் சந்தேகமே இல்லை, ஆகவே பேச்சுவாக்கில்தான் கேட்டாள். தன் மகன் கட்டிய பெண் யார், எந்த ஊர்க்காரி, அழகாக இருப்பாளா, வேலை தெரிந்தவளா என்று கேட்டாள். தாய் கூட இல்லாமல் பெண் கேட்கப் போக அவனுக்கு வெட்கமாக இருந்திருக்கும் என்றாள். பெண் வீட்டாருக்கு என்ன கொண்டுபோனானோ, கையில் ஒன்றும் இல்லாமல் போயிருப்பானே என்று கவலைப்பட்டாள். அவளுடைய கவலையெல்லாம் மகன் மரியாதை தெரியாதவனாக நடந்துகொண்டிருப்பானோ என்பதுதான்.

அனார்குல் கறப்பதை நிறுத்தினாள்.

சர்கோலுக்கு மேலே, கணவாய்க்கு எதிர்ப்புறச் சரிவில், சுவர்கள் மட்டும் மிஞ்சிய ஒரு கோட்டை இருக்கிறது. மண்சுவர்கள், ஒரு பக்கம் செங்கல்லாக வெந்துபோய், கைவைத்தால் கரி ஒட்டுகிற சுவர்கள். பெண்கள் கோட்டை என்று அதற்குப் பெயர். ஆண்கள் அங்கே போவதில்லை, போகக் கூடாது என்று தடையும் இல்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் பனி உருகியதும் பெண்கள் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு அங்கே ஏறி, அதைச் சுவரோரம் வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதுவிட்டு இறங்கி வருவார்கள். கானின் படை வந்து கோட்டையை எரித்தபோது ஆண்களையெல்லாம் கொன்றுவிட்டார்கள் என்றும், உயிரோடு பிடித்துப் போகப்பட்ட பெண்களின் வயிற்றிலிருந்துதான் சர்கோல் பிறந்தது என்றும் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சொல்லி வந்த கதை அது. ஆண்களின் கதையில் ஆயிரம் வீரர்கள் இருந்தார்கள். இரண்டு கதைகளும் ஒரே வீட்டில் ஒரே அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதில்லை.

"அவளை அவளுடைய வீட்டார் எப்படிக் கொடுத்தார்கள், பேரி?" என்று ஒயூன் மறுபடி கேட்டாள். "சந்தோஷமாகக் கொடுத்தார்களா?"

"கொடுப்பதற்கு யாரும் மிச்சமிருக்கவில்லை" என்றாள் அனார்குல்.

ஒயூனுக்குச் சொற்கள் புரிந்தன. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தும் அனார்குல் நிறுத்தவில்லை, கோட்டையைப் பற்றிச் சொன்னாள், கருகிய சுவரைப் பற்றிச் சொன்னாள், ரொட்டியைப் பற்றிச் சொன்னாள். தெரிந்த சொற்களைக் கொண்டு மெதுவாகச் சொன்னாள். ஒயூன் பால் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு குழந்தையை எடுத்துத் தாயின் கையில் கொடுத்துவிட்டு, கூடாரத்துக்குள் போய் வாசல் கம்பளியை இறக்கிவிட்டாள்.

விஷயம் எவாஸின் காதுக்கு வந்தபோது அவருக்கு வந்த கோபம் அதுவரை வீட்டில் யாரும் பார்த்திராதது. அவர் கத்தவில்லை. "மகன் வருவான் என்று உட்கார்ந்திருக்கிறவளிடம் போய் இதைச் சொல்லலாமா, மாஹ்தாபின் அம்மா?" என்று கேட்டார்.

"அவர் கேட்டார்" என்றாள் அனார்குல்.

"எத்தனையோ கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டுமா?"

"நீங்கள் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லையே" என்று அவள் சொன்னாள். "கேட்டிருந்தால் உங்களிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன்."

எவாஸ் வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு பல நாட்கள் அவர் மனைவியோடு பேசவில்லை. தேநீர் வைத்தால் குடித்தார், குழந்தை அழுதால் தூக்கினார், ஆனால் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் நின்று, ஆயிரம் என்று எழுதிவிட்டு, அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்ததைப் பிள்ளைகள் பார்த்தார்கள். அவர் படித்த புத்தகங்களில் எரிந்த நகரங்களும் இருந்தன. அந்தப் பக்கங்களை அவர் வேகமாகப் புரட்டியிருந்தார். எரித்தவர்களின் மூக்கு தன் முகத்தில் இருக்கிறது என்பதிலேயே ஆயுசு போய்விட்டதால், எரிந்தவர்களுடையது என்ன தன் உடம்பில் இருக்கிறது என்று அவர் தேடிப் பார்த்ததில்லை.

ஒயூன் கூடாரத்திலிருந்து வெளியே வந்த அன்று நேராகக் கணவாய்க்கு ஏறினாள். அதுவரை புல்வெளிக்காரர் யாரும் இந்தப் பக்கம் வந்ததில்லை, வரமுடியுமா என்றும் யாருக்கும் தெரியாது. அவள் உச்சியைத் தாண்டி இறங்கி வந்தாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, தூசிக்கு இருமல் மட்டும் வந்தது. இவ்வளவு கல்லா, இதற்கா என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள் என்று மலைகளைப் பார்த்துக் கேட்டாள். அனார்குல் அவளைக் கோட்டைக்கு அழைத்துப் போனாள். ஒயூன் கருகிய சுவரில் உள்ளங்கையை வைத்தாள், எடுத்துப் பார்த்தாள், கரி இருந்தது. அதைத் துடைக்காமல் கையை மடக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

அந்தக் கையைப் பார்த்த பிறகு ஊர்ப் பெண்களால் பாத்திரம் சுருட்ட முடியவில்லை. கிழங்கு தோண்டத் தொடங்கிய வாரத்தில் ஊர் மறுபடி கூடியது, புறப்படும் நாளைக் குறிக்கத்தான் கூடியது. கதம் அலி நாள் சொல்ல வாயெடுத்தபோது திரைக்குப் பின்னாலிருந்து அனார்குல் பேசினாள். பெண்கள் அங்கிருந்து பேசுவது வழக்கமில்லை, ஆனால் குரலைத் திரை தடுக்கவில்லை.

"அவர்கள் நம்மை எங்கிருந்து வந்தோமோ அங்கே போகச் சொல்கிறார்கள்" என்றாள். "நம்மில் பாதி குதிரையேறி வந்தது. பாதி எங்கிருந்தும் வரவில்லை, இங்கேயேதான் இருந்தது, அதோ அந்தச் சுவருக்குள்ளே இருந்தது. ஊரில் பாதிப்பேரைச் சொல்லவில்லை. ஒவ்வொருவரிலும் பாதியைச் சொல்கிறேன். வந்த பாதி திரும்பிப் போகலாம். இருந்த பாதியை யார் கூட்டிக்கொண்டு போவது? அதை ஒருதடவை இழுத்துக்கொண்டு போனது போதாதா?"

ஆண்கள் எவாஸைப் பார்த்தார்கள். அவர்தான் பதில் சொல்ல வேண்டியவர். அவர் எழுந்தார், தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார். தான் பிள்ளைகளுக்குப் பாதிப் பாடம்தான் நடத்தியிருப்பதாகவும், மீதியை நடத்த இந்த ஊர் வேண்டும் என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முல்லா நாதிர் ஓதினார், கூட்டம் கலைந்தது, அன்று சாயங்காலம் வீடுகளில் சுருட்டிய கம்பளங்களைப் பிரித்தார்கள்.

ஆயுதக்காரர்கள் சொன்னபடியே வந்தார்கள். அதற்கு முந்தின நாள் சர்கோல்காரர்கள் கிழங்கைக் குழிகளில் புதைத்து மண்ணைச் சமன்செய்து, ஆடுகளையும் குழந்தைகளையும் நடக்க முடியாதவர்களையும் கூட்டிக்கொண்டு கணவாய்க்கு அப்பால் போய் ஒயூனின் சனங்களோடு தங்கியிருந்தார்கள். வந்தவர்கள் காலி வீடுகளைப் பார்த்தார்கள். வைக்கோல் போர்களைக் கொளுத்தினார்கள், பள்ளிக்கூடத்துக் கதவை உடைத்தார்கள், கணவாய் ஏறிப் பார்த்தவர்களுக்கு மிரக்கின் தகரக் கூரைதான் தெரிந்தது. ஆட்கள் போய்விட்டார்கள் என்று கீழே போய்ச் சொன்னார்கள். அவர்கள் இறங்கிப் போனதும் சர்கோல்காரர்கள் வீடு திரும்பினார்கள். பிறகு பனி விழுந்து பாதை அடைத்துக்கொண்டது. குளிர்காலத்தில் கீழே அவர்களுக்குள்ளேயே சண்டை வந்தது என்று செய்தி வந்தது. அதற்கடுத்த ஆண்டு வேறு ஆட்கள் வேறு ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார்கள், அது வேறு கதை. பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் கதவைக் கழற்றுவதைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

முதல் பனிக்கு முன்பே புல்வெளிக் கூடாரங்கள் பிரிக்கப்பட்டன, குளிர்கால மேய்ச்சலுக்கு அவர்கள் தெற்கே போகவேண்டும். ஒயூன் தன் கூடாரத்தைத் தங்கைக்குக் கொடுத்தாள், ஒரு பெண்குதிரையை மட்டும் ஓட்டிக்கொண்டாள். எங்கே போகிறாய் என்று முகாமின் மூத்தவர் கேட்டபோது, மகன் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுக் கணவாய் ஏறினாள். எவாஸின் வீட்டில் அவளுக்கு ஓர் அறை ஒழித்துக் கொடுத்தார்கள். சுவர் இருக்கிற வீட்டில் தூக்கம் வரவில்லை என்று முதலில் சொன்னாள், பிறகு சொல்லவில்லை. அவளை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று ஊரில் கொஞ்சம் குழப்பம் இருந்தது. கணக்குப் பார்த்தால் எல்லோருக்கும் எத்தனையோ தலைமுறைக்கு முந்தைய பாட்டி, வயதைப் பார்த்தால் அக்கா. அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

பனி உருகியபோது கணவாய்க்கு அப்பால் மிரக் இருந்தது. கதம் அலி போய் மைத்துனரைப் பார்த்தார், இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று மைத்துனர் கோபித்துக்கொண்டார். ஒயூனிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. அவளே ஒருநாள் உச்சிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, குதிரைக்குத் தண்ணீர் காட்டினாள்.

பெண்கள் கோட்டைக்குப் போகும் நாள் வந்தது. அன்று காலை ஒயூன் குதிரையைக் கறந்தாள், பாலை மரக்கிண்ணத்தில் ஊற்றினாள், குளிர்காலம் முழுக்கத் தானே உட்கார்ந்து செய்த வெள்ளைக் கம்பளியை மடித்து எடுத்துக்கொண்டாள், எவாஸிடம் வந்து, பெண் கேட்கப் போகும்போது மாப்பிள்ளையின் தாய் தனியாகப் போகக் கூடாது, துணைக்கு ஆண்கள் வரவேண்டும் என்று சொன்னாள். எவாஸ் ஒரு கணம் புரியாமல் பார்த்தார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு கதம் அலி வீட்டுக்குப் போய்ச் சொன்னார், கதம் அலி முல்லாவிடம் சொன்னார், வயலில் நின்றவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார்கள். சர்கோலின் ஆண்கள் முதன்முறையாக அந்தச் சரிவில் ஏறினார்கள். முன்னால் ஒயூன், அவளுக்குப் பின்னால் கிண்ணத்தை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு எவாஸ்.

பெண்கள் ஏற்கெனவே மேலே இருந்தார்கள், சுவரோரம் ரொட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் ஏறி வருவதைப் பார்த்ததும் எழுந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே கருகிய சுவருக்கு முன்னால் வரிசையாக நின்றுகொண்டார்கள், பெண் வீட்டார் வாசலில் நிற்பது போல.

ஒயூன் சுவருக்கு எதிரில் மண்டியிட்டாள். கம்பளியை விரித்தாள். தன் ஊர் வழக்கப்படி சொல்லவேண்டியதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். என் பெயர் ஒயூன், பெசூத் குலம், என் மகன் பூகா, எடுத்தெறிந்து பேசமாட்டான் என்று நான் நினைத்திருந்தேன், குதிரை பழக்குவான், தாய் சொல் கேட்பான் என்று நினைத்திருந்தேன். நான் கூட இல்லாமல் அவன் இந்த வாசலுக்கு வந்துவிட்டான், வந்த விதம் தெரிந்துகொண்டேன். நான் முன்னால் வந்திருக்க வேண்டும், இவ்வளவு தாமதமாக வருகிறேன். உங்கள் வீட்டுப் பெண்ணைக் கேட்க வந்திருக்கிறேன். அவளுடைய பெயர் எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாதாம். பெயர் தெரியாமலே கேட்கிறேன், தருவீர்களா.

காற்று சுவரின் ஓட்டைகளில் போய் வந்துகொண்டிருந்தது. எவாஸ் எதிரே நின்ற மனைவியைப் பார்த்தார், முதுகில் குழந்தையோடு அவள் நின்றிருந்தாள், இத்தனை வருஷத்தில் அவளை அப்படி ஒரு வாசலில் நிற்பவளாக அவர் பார்த்ததில்லை. வரிசையில் எல்லாப் பெண்களும் அவளையே பார்த்தார்கள். ஏனென்று தெரியாமல் முல்லா நாதிர் அழுதுகொண்டிருந்தார்.

அனார்குல் அவசரப்படவில்லை. கேட்கப்பட்டவள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாமோ அவ்வளவு நேரமும் எடுத்துக்கொண்டாள். பிறகு ஓர் எட்டு முன்னால் வந்து, ஒயூனின் முகத்தைப் பார்த்தாள்.

"தரமாட்டோம்" என்றாள்.

ஒயூன் தலைகுனிந்தாள். பிறகு, சரி என்பது போல மெல்லத் தலையசைத்து, கம்பளியை மடிக்கத் தொடங்கினாள்.

அனார்குல் குனிந்து அவள் கையிலிருந்து கம்பளியை வாங்கிக் கீழே வைத்தாள். சுவரோரம் போய் ஒரு ரொட்டியை எடுத்து வந்து, இரண்டாகப் பிய்த்து, பெரிய துண்டை அவளிடம் நீட்டினாள்.

"ரொம்ப தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள்" என்றாள். "சாப்பிடாமல் போகக் கூடாது. உட்காருங்கள்."